சீனத்துச் சான்றோர் லியாங் ஷூமிங்

ஒரு நாட்டில் தொன்றுதொட்டு வந்த நெறியும் பிறிதொரு நாட்டினின்று புதிதாய்ப் புகுந்த நெறியும் எதிர்ப்படுங்கால், அந்நாட்டுக் கற்றோர் பெரும்பாலும் மூவகையினராய்ப் பிரிந்து நிற்றலைக் காண்கின்றோம். புதியதே மெய்யெனக் கொண்டு பழையதனை முற்றும் கைவிடுவார் ஒரு சாரார். பழையதே போதுமெனக் கதவடைத்துக் கொள்வார் மற்றொரு சாரார். இரண்டும் ஒன்றே, வேறுபாடு சொல்லளவிற்றே என இரண்டனையும் கலந்து மகிழ்வார் பின்னுமொரு சாரார். இம்மூவர்க்கும் ஆராய்ச்சியின் வருத்தம் இல்லை. இவ்விரு நெறியும் எவ்வேரினின்று கிளைத்தன, எவ்வினாவிற்கு விடையாய்த் தோன்றின, அவ்வினா இன்று நமக்கும் உரியதோ என வேர்வரை சென்று வினவுவார் மிகச் சிலரே. வினவியதனோடு அமையாது, தாம் கண்ட விடையைத் தம் வாழ்க்கையானும் நிறுவியவர் அவரினும் சிலர். அத்தகையோருள் ஒருவர் 1893 முதல் 1988 வரை சீன நாட்டில் வாழ்ந்த லியாங் ஷூமிங் என்னும் பேரறிஞர். கன்பூசியர் நெறியினை இக்கால மேனாட்டுத் தத்துவத்தொடு நேர்நிறுத்தி ஆராய்ந்தவருள் முன்னோடியாக அவரைக் கற்றோர் கூறுப. அவர் வரலாற்றினை ஈண்டுச் சுருக்கித் தொகுத்துரைப்பான் புகுந்தோம்.

பிறப்பும் இளமைக் கல்வியும்

லியாங் ஷூமிங் 1893-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18-ஆம் நாள் பீக்கிங் நகரிற் பிறந்தார். இவர்தம் முன்னோர் மங்கோலிய அரச மரபினர் என்றும், பின்னாளில் தென்பாலுள்ள குவெய்லின் நகரைத் தம் ஊராகக் கொண்டனர் என்றும் கூறுவர். தந்தையார் லியாங் சீ என்பவர் மஞ்சு அரசாட்சியில் சிறிய பதவியொன்றில் அமர்ந்திருந்தவர்; ஒழுக்கத்தில் அணுவளவும் பிறழாத உறுதியுடையவர். 1894–95 ஆண்டுகளில் நிகழ்ந்த ஜப்பானியப் போரில் தம் நாடு தோற்றமை அவர் காலத்துக் கற்றோர் பலரையும் போல அவரையும் கலக்கிற்று. செயலுக்குதவாத ஏட்டுக் கல்வியே நாட்டின் தாழ்வுக்குக் காரணமென அவர் துணிந்தார். ஆகலின், தம் மைந்தரைப் பண்டை மறைநூல்களை உருப்போடச் செய்யாது, உலகத்து நாடுகளின் இயல்புரைக்கும் சிறு செய்யுள் நூலொன்றைப் பயில்வித்து, ஆங்கிலமும் கற்பிக்கும் புதுமுறைப் பள்ளிக்கு அனுப்பினார். பிற்காலத்தில் கன்பூசியர் நெறிக்குத் தூணாய் நின்ற இவர், இளமையில் அந்நெறி நூல்களை முறையாகப் பாடங் கேட்டவரல்லர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1906 முதல் 1911 வரை நடுநிலைப் பள்ளியிற் பயின்றதனோடு இவர்தம் பள்ளிக் கல்வி முடிவுற்றது. பல்கலைக்கழகத்தில் மாணவராய் இவர் இருந்ததில்லை. பின்னர்ப் பெற்ற பேரறிவெல்லாம் தாமே தேடிக் கற்றதேயாம். அந்நாளில் இவர் கொள்கை தந்தையார் கொள்கையே: எது பயன் தருமோ அதுவே நன்று என்பது.

ஐயமும் துறவு வேட்கையும்

1911-ஆம் ஆண்டு மஞ்சு அரசை வீழ்த்தப் புரட்சி எழுந்தது. இளைஞராகிய லியாங் அப்புரட்சிக் கூட்டத்திற் சேர்ந்து, மறு ஆண்டு முடியரசு ஒழிந்து குடியரசு நிலைபெற்ற காலத்தில் செய்தித்தாளொன்றின் நிருபராய் ஊழியம் செய்தார். ஷூமிங் என்னும் புனைபெயர் அவருக்கு அங்ஙனம் எழுதுங்காலத்து அமைந்ததே, இயற்பெயர் வேறு. நிருபராய்ச் சென்று அரசியலாரை அணுக்கமாய்க் கண்டபொழுது, புரட்சியின் பெயரால் நிகழ்ந்த தன்னலமும் சூழ்ச்சியும் அவர் நெஞ்சைப் புண்படுத்தின. பொதுவுடைமை நூல்களைக் கற்று, உடைமையே தீமைக்கு வேரெனச் சில காலம் கருதினார். பின்னர், உடைமை ஒழியினும் ஆசை ஒழியாதே, ஆசை உள்ளவரை துன்பம் ஒழியாதே என்னும் எண்ணம் மேற்பட்டது. அத்துயர் முற்றி, இருமுறை தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளவும் முயன்றார், இருமுறையும் பிழைத்தார்.

இந்நிலையில் அவருக்குப் புகலாயிற்றுப் பௌத்தம். ஆசையே துன்பத்துக்கு முதல் என்னும் அதன் கோட்பாடு, தாம் பட்டறிந்ததனை முன்னரே ஆராய்ந்துரைத்ததாக அவருக்குத் தோன்றிற்று. ஊனுணவை அறவே விலக்கினார். மணஞ் செய்து கொள்வதில்லை எனவும் துணிந்தார். 1911-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஊன் மறுத்தல் 1988-இல் அவர் மறையும் வரை எழுபது ஆண்டுகட்கு மேல் இடையறாது நிகழ்ந்தது.

அவர் சிறப்பாகக் கற்றது யோகாசாரர்தம் விஞ்ஞானவாத நூல்களை. சிவஞான சித்தியார் பரபக்கத்துள் அம்மதம் மறுக்கப்படுதலை நம்மனோர் நன்கறிவர். யுவான் சுவாங் என்னும் யாத்திரிகர் ஏழாம் நூற்றாண்டில் நாலந்தையிற் கற்று, சீனமொழியிற் பெயர்த்துத் தொகுத்த விஞ்ஞானவாதப் பெருநூல், பெரும்பான்மையும் தருமபாலர் கொண்ட உரையினையே தழுவிச் செல்வது. அத்தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சிபுரம் என யுவான் சுவாங்கே தம் யாத்திரை நூலிற் குறித்துள்ளார். ஆகவே தமிழ்நாட்டிற் பிறந்த ஆசிரியரொருவரது உரைவழி, நாலந்தை சென்று, சீனம் புகுந்து, ஆயிரத்து இருநூறு ஆண்டுகட்குப் பின்னும் பீக்கிங் நகரத்து இளைஞரொருவர் கையில் ஆராய்ச்சிக் கருவியாயிற்று என்பது உவகை தருவதொன்று.

1916-ஆம் ஆண்டில், மேனாட்டுத் தத்துவரையும் பௌத்த ஆசிரியரையும் ஒப்பிட்டு, வாழ்க்கையின் ஐயந்தீர்க்கும் வழி யாதென ஆராயும் கட்டுரையொன்றை இதழொன்றில் வெளியிட்டார். அதனைக் கண்ட பீக்கிங் பல்கலைக்கழகத் தலைவர் சாய் யுவான்பெய் என்னும் அறிஞர், பட்டம் யாதும் பெறாத அவ்விளைஞரை இந்தியத் தத்துவம் கற்பிக்க அழைத்தார். 1917-ஆம் ஆண்டு, தமது இருபத்து நான்காம் வயதில், லியாங் அப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய்ப் புகுந்தார். இந்தியத் தத்துவச் சுருக்கமாக அவரியற்றிய நூல் 1919-இல் வெளிவந்தது.

தந்தையார் வினா

அந்நாளில் அப்பல்கலைக்கழகம் புதுமைக் கருத்துகளின் கொதிகலமாய் இருந்தது. சென் துஷியூ, ஹூ ஷி முதலிய ஆசிரியர்கள் கன்பூசியர் நெறியே நாட்டின் அடிமைத்தனத்துக்குக் காரணமென எழுதி வந்தனர். மேனாட்டு விஞ்ஞானமும் குடியாட்சியுமே கொள்ளத்தக்கன என மாணவர் ஆர்ப்பரித்தனர். லியாங்கோ, பல்கலைக்கழகத்திற் புகுங்காலத்தே, புத்தர்க்காகவும் கன்பூசியர்க்காகவும் பேசுதலே தம் வேலை எனத் தலைவரிடம் வெளிப்படையாகத் தெரிவித்தே புகுந்தார். ஆயினும் அந்நாளில் அவர் உள்ளம் பௌத்தத்தில் ஊன்றியிருந்ததேயன்றிக் கன்பூசியர்பால் முழுதும் சென்றிலது.

1918-ஆம் ஆண்டு நவம்பரில் பெருந்துயரமொன்று நேர்ந்தது. தந்தையார்க்கு அறுபதாம் ஆண்டு நிறைவு விழா அணித்தாய் இருந்தது. ஒரு நாள் செய்தித்தாளில் உலகப் போர்ச் செய்தி பற்றி உரையாடுங்கால், இவ்வுலகம் நன்னிலை அடையுமோ என அவர் மைந்தரை வினவினார். அடையும் எனவே தாம் நம்புவதாக மைந்தர் விடையிறுத்தார். அங்ஙனமாயின் நன்று எனச் சொல்லித் தந்தையார் வெளிச் சென்றார். சில நாட்களில், நவம்பர் 10-ஆம் நாள், பீக்கிங் நகரத்து ஏரியொன்றில் மூழ்கி உயிர் நீத்தார். அவர் எழுதிவைத்த ஓலை, பெயரளவில் தாம் ஒழிந்துபோன அரசுக்காக இறப்பினும், மெய்யாகத் தாம் இளமையிற் கற்ற அறத்துக்காகவே இறப்பதாக அறிவித்தது. நாட்டில் ஒழுக்கம் அழிந்து வருதலைக் கண்டும் வாளா இருத்தல் தமக்கு இயலாதென்பது அவர் கருத்து.

அச்செயலை நாம் அறமெனக் கொள்ளல் இயலாது. ஆயினும் அம்முடிவு மைந்தர் உள்ளத்தை அடியோடு அசைத்தது. தந்தையார் உயிரினும் பெரிதாக மதித்த அறத்தினைத் தாம் ஏறெடுத்தும் பாராது, துறவுநெறி பேசியும் பயன்நெறி பேசியும் அவரை எதிர்த்து வந்தமை அவரை வருத்திற்று. அதன்பின் அவர் கன்பூசியர் உரைத்தொகையினை எடுத்துப் புதிதாய்ப் பயின்றார். பௌத்த நூல்கள் துன்பமென்னும் சொல்லில் தொடங்குதலையும், கன்பூசியர் உரைத்தொகையோ மகிழ்ச்சியில் தொடங்கி எங்கும் துன்பமென்னும் சொல்லையே ஆளாமையையும் கண்டு வியந்தார். மிங் காலத்தில் உப்புத் தொழில் செய்து வந்து பெரும்புலவராய் உயர்ந்து எளியோர்க்கும் அறமுரைத்த வாங் கென் என்பாரின் நெறி அவரைக் கவர்ந்தது. 1921-ஆம் ஆண்டிறுதியில் தம் பழைய துணிவை விடுத்து மணஞ் செய்துகொண்டு இல்லறத்திற் புகுந்தார். உலகம் துன்பத்தில் அழுந்தியிருக்கத் தாம் தனித்துப் பேரின்பம் தேடுதல் தகாதென்பதே அவர் கூறிய காரணம்.

மூவகை நெறி

1920-இல் பீக்கிங்கிலும் 1921-இல் ஷாந்துங் மாகாணத்துச் சீனான் நகரிலும் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள், கீழ்நாட்டு மேனாட்டு நாகரிகங்களும் அவற்றின் தத்துவங்களும் என்னும் நூலாய் 1921-ஆம் ஆண்டு வெளிவந்தன. அதற்கணித்தாய ஆண்டுகளில்தான் அமெரிக்க அறிஞர் ஜான் டூயியும், ஆங்கில அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் சீனம் போந்து சொற்பொழிவாற்றினர். ஐரோப்பியப் போரின் அழிவினைக் கண்டு மேனாட்டாரே தம் நாகரிகத்தை ஐயுறத் தொடங்கிய காலமும் அதுவே.

அந்நூலின் கருத்தை ஒருவாறு கூறுவாம். நாகரிகமென்பது ஒரு மக்கட்கூட்டம் வாழும் வகையே. வாழ்க்கையென்பது ஓயாது எழும் வேட்கையும் அதன் நிறைவும் நிறைவின்மையுமேயாம். இக்கருத்தை அவர் செருமானியத் தத்துவர் ஷோபன்ஹவர் கொண்ட இச்சைக் கோட்பாட்டோடு இணைத்துப் பேசினார். வேட்கை தன் முன் தடையொன்றைக் காணுங்கால் மூன்று வகையால் நடத்தல் கூடும். தடையைத் தகர்த்து முன்னேறுதல் ஒன்று; அதுவே மேனாட்டு நெறி; அதினின்று இயற்கையை வெல்லும் விஞ்ஞானமும், அதிகாரத்தை எதிர்க்கும் குடியாட்சியும் பிறந்தன. தன்னையே திருத்தித் தடையொடு பொருந்தி நடுநிலையில் மகிழ்தல் மற்றொன்று. அது சீன நெறி. வேட்கையையே பின்திருப்பி அறுக்க முயலுதல் மூன்றாவது. அஃது இந்திய நெறி.

இம்மூன்று நெறியும் மூவகை வினாவுக்கு ஏற்றன என அவர் பகுத்தார். மனிதர்க்கும் சடப்பொருளுக்கும் இடையே எழும் வினாவுக்கு முதல் நெறி தக்கது. மனிதர்க்கும் மனிதர்க்கும் இடையே எழும் வினாவுக்கு அது தகாது; பிறர் உள்ளத்தைத் தகர்த்து வெல்லுதல் இயலாதாகலின், இரண்டாம் நெறி வேண்டும். மூப்பும் சாக்காடும் போல எவ்வாற்றானும் நீக்கலாகாத வினாவுக்கு மூன்றாம் நெறியே உரியது. உணவும் உடையும் பற்றிய முதல் வினாவைத் தீர்க்குமுன்னரே சீனரும் இந்தியரும் பின்னைய வினாக்களில் ஈடுபட்டமையின், அவர்தம் நாகரிகம் பருவத்துக்கு முன் பழுத்த கனி போன்றதாயிற்று என்பது அவர் முடிபு. மேனாட்டார் முதல் வினாவை முற்றத் தீர்த்த பின்னர் இரண்டாம் வினா அவர் முன்னும் வந்து நிற்கும்; அப்பொழுது உலகம் சீன நெறியை நாடும்; அதற்கும் பின் இந்திய நெறியை நாடும் என்றார். தம் நாட்டார்க்கு அவர் கூறிய அறிவுரை மூன்று: இந்திய நெறியை இப்பொழுது விலக்குக, மேனாட்டு நெறியை முழுதும் கொண்டு அதன் நோக்கத்தைத் திருத்துக, சீனத்துப் பழைய நோக்கத்தை ஆராய்ந்து மீட்டுக் கொள்க.

இக்கொள்கையில் நம்மனோர் உடன்படற்கியலாத பகுதி உண்டு. இந்திய நெறியெனப் பொதுவாக அவர் வகுத்தது, பௌத்தத்தின் வாயிலாகக் கண்ட துறவு நோக்கினையே பெரிதும் தழுவியது. உலகம் மெய்ப்பொருளே, உயிர்கள் பக்குவமுறுதற்பொருட்டு இறைவன் தந்ததே எனக் கொண்டு, இல்லறத்தையும் ஊரையும் கோயிலையும் தொண்டினையும் நெறியாக வகுத்த சமயங்களும் இந்நாட்டுக்கு உரியன. அவற்றை நோக்குழி, ஒரு நாட்டுக்கு ஒரு நெறியென்னும் பகுப்பு நில்லாது. ஆயினும் வினாவின் வேறுபாட்டால் விடை வேறுபடும் என்னும் அவர்தம் முறை பொன்போற் போற்றத்தக்கது. கீழ்நாடும் மேனாடும் கலந்து ஒன்றாதல் வேண்டுமென அடிப்படை காணாது பேசுவாரை அவர் கடிந்தமைக்கும் காரணம் அம்முறையேயாம்.

அளவை ஆராய்ச்சி

இந்நூலுள் நமக்குப் பெரிதும் இன்பந்தரும் பகுதி அளவை பற்றியது. மேனாட்டாரொடு வாதஞ் செய்தற்கு அவர் எடுத்த கருவி யோகாசாரர்தம் அளவை நூலேயாம். அவர் காட்சியும் கருதலும் எனக் கொண்ட இரண்டளவையொடு, அளவையல்லாதது என அந்நூலோர் ஒதுக்கிய பகுதியை லியாங் எடுத்து ஆராய்ந்தார். சுவையும் அழகும் அன்பும் உணரப்படும் உள்ளுணர்வு, காட்சிக்கும் கருதலுக்கும் இடைப்பட்டதோர் அறிவென அதற்கு இடங்கொடுத்தார். பிரெஞ்சுத் தத்துவர் ஹென்றி பெர்க்சன், ஆய்வறிவு பொருள்களை வெட்டி நிறுத்தியே அறியும், ஓடிக்கொண்டிருக்கும் உயிர்வாழ்வை உள்ளுணர்வே அறியும் எனக் கூறியிருந்தார். அக்கூற்றே, கன்பூசியர் போற்றிய ரென் என்னும் அன்புடைமையை இக்காலத்தார்க்கு விளக்க லியாங்குக்குத் துணையாயிற்று. பிறர் துன்பங் கண்டவிடத்து எண்ணிப் பார்க்குமுன்னரே நெஞ்சு துடித்தலே அன்புடைமை; அத்துடிப்பு மழுங்காதிருத்தலே அறம் என்றார்.

மேனாட்டு வாழ்க்கை, சீன வாழ்க்கை, இந்திய வாழ்க்கை என்பவற்றை ஆய்வறிவு, உள்ளுணர்வு, காட்சி என்பவற்றொடு அவர் பொருத்தியுரைத்த வாய்பாடு தெளிவற்றதெனப் பலர் கடாவினர். பின்னர் அவரே அதன் குறையை உணர்ந்து விலக்கினார். உள்ளுணர்வும் இயல்பூக்கமும் ஒன்றெனக் கொண்ட தம் பழைய கருத்தையும் நாளடைவில் கைவிட்டார். அதற்குத் துணைசெய்தது ரஸ்ஸல் எழுதிய சமுதாயச் சீரமைப்பு நூல். அந்நூலுள் மனித வாழ்வு இயல்பூக்கம், ஆய்வறிவு, ஆன்ம உணர்வு என மூன்றாகப் பகுக்கப்பட்டமையைக் கண்டு, அன்புடைமை விலங்கொடு பொதுவாகிய இயல்பூக்கமன்று, தன்னலங் கடந்த தனியுணர்வே என லியாங் துணிந்தார். தாம் முன்னர் மறுத்தெழுதிய அறிஞரிடத்தும் கொள்ளத்தக்கதனைக் கொண்ட இப்பண்பு கருதத்தக்கது.

அந்நூலை மறுத்து 1923-இல் ஹூ ஷி எழுதினார். மக்களெல்லாரும் ஒரே வழியிற் செல்பவரே. முந்தியும் பிந்தியும் செல்லுதலன்றி மூவகை நெறியில்லை என்பது அவர் தடை. அத்தடையிலும் வலிமையுண்டு. எனினும் லியாங்கின் நூல் மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பெற்றுப் பரவிற்று. தம் மரபைக் குறித்து நாணியிருந்த இளைஞர் பலர்க்கு, அம்மரபினைப் பற்றி வெட்கமின்றிச் சிந்திக்கும் வாயிலை அது திறந்தது.

1924-இல் நம் கவிஞர் இரவீந்திரநாத தாகூர் பீக்கிங் சென்றபொழுது இவரைக் கண்டு அளவளாவினார். கன்பூசியர் நெறி எல்லாம் அளவாய்ச் சீராய் அமைந்திருத்தலின், சமயத்துக்குரிய ஆழம் அதற்கு உண்டோ என ஐயமெழுந்தது. எல்லார்க்கும் நல்லவராய் நடிப்பவரைக் கன்பூசியர் வெறுத்தார் என்பதையும், குறையுடையரேனும் உள்ளத்தின் வேகத்தாற் செல்வோரையும் தீயன செய்ய அஞ்சி ஒதுங்குவோரையுமே விரும்பினார் என்பதையும் லியாங் எடுத்துக்காட்டி, அந்நெறியின் வேர் வெளியொழுங்கில் இல்லை, உயிரின் மெய்ம்மையில் உள்ளது என விளக்கினார்.

ஊர்த் தொண்டு

அவ்வாண்டே அவர் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்தார். அறிவை விற்றுக் கொடுப்பதன்றி மாணவர் வாழ்வுக்குத் துணையாய் நில்லாத கல்வி கல்வியன்று என்பது அவர் குறை. சின்னாட்கள் மாணவருடன் ஓரில்லத்தில் உறைந்து, விடியலில் அவருடன் கூடியிருந்து தத்தம் ஒழுக்கத்தை ஆராயும் வழக்கத்தை மேற்கொண்டார். அந்நாளில் உடனுறைந்த நண்பர் ஷியுங் ஷிலி என்னும் தத்துவர். இவர் லியாங்கின் வழியாகவே பௌத்தங் கற்கப் புகுந்து, பின்னர் விஞ்ஞானவாதத்தை மறுத்துக் கன்பூசியர் நெறிக்கு மீண்டு 1932-இல் புதிய விஞ்ஞானவாதம் பற்றிய பெருநூலை இயற்றியவர்.

சீனத்தின் உயிர் ஊர்களிலேயே உள்ளதெனத் தெளிந்த லியாங், 1931-இல் ஷாந்துங் மாகாணத்துச் சௌபிங் என்னுமிடத்தில் ஊரமைப்புக் கழகத்தைத் தோழருடன் நிறுவினார். மேனாட்டாரிடம் கற்க வேண்டுவன இரண்டு என்றார்: விஞ்ஞானமும், கூட்டமாய்ச் சேர்ந்து செயலாற்றும் பழக்கமும். அவற்றைச் சீன மரபின் மேல் ஒட்டுக் கட்டுதலே அவர் நோக்கம். பதினொன்றாம் நூற்றாண்டில் சுங் காலத்து அறிஞர் வகுத்த ஊருடன்படிக்கை அவருக்கு முன்மாதிரி. ஊரார் ஒருவரையொருவர் நல்வழியில் ஊக்குதல், குற்றங் கண்டுழித் திருத்துதல், முறையறிந்து பழகுதல், இடுக்கணில் உதவுதல் என்பன அதன் நான்கு கூறுகள். அதிகாரிகளின் அலுவலகங்களுக்கு ஈடாக ஊர்ப்பள்ளிகளும் வட்டாரப்பள்ளிகளும் அமைத்து, அவற்றின் வாயிலாகவே ஊர்க் காரியங்கள் நடைபெறச் செய்தார். டென்மார்க்கு நாட்டு உழவர் கல்விமுறையை ஆராய்ந்து பயன்கொண்டார். நல்ல பருத்தி வித்துகளைப் பரப்பி, பருத்தி விற்பனைக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். மகளிர் காலைக் கட்டிக் குறுக்கும் கொடிய வழக்கத்தை ஒழிக்கவும், மருத்துவ உதவி ஊர்களை எட்டவும் முயன்றனர்.

அம்முயற்சியின் குறைகளையும் அவர் மறைத்திலர். சமுதாயத்தை மாற்றுவோம் எனப் பேசியும் மாகாண ஆட்சியாளர் துணையையே சார்ந்து நிற்கின்றோம். ஊரியக்கம் எனப் பெயரிட்டும் ஊரார் அசைந்திலர் என 1935-இல் தாமே வெளிப்படையாகக் கூறினார். ஊரமைப்புக் கொள்கையை முழுதும் விளக்கும் அவர்தம் நூல் 1937-இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஜப்பானியப் படையெடுப்பால் சௌபிங் முயற்சி முடிவுற்றது.

அரசியலிடைப்பட்ட நாட்கள்

1938-ஆம் ஆண்டு சனவரியில் அவர் யேனான் சென்று, பொதுவுடைமைக் கட்சித் தலைவர் மா சே துங்கைக் கண்டார். இருவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள். இரவு முழுதும் நீண்ட உரையாடல்கள் நிகழ்ந்தன. சீனச் சமுதாயம் வகுப்புப் பகையால் ஆயதன்று, தந்தை மகன், கணவன் மனைவி, நண்பர் என்னும் உறவுக் கடமைகளால் ஆயது என்பது லியாங் கட்சி. வகுப்புப் போரின்றி விடுதலையில்லை என்பது மா சே துங் கட்சி. ஒருவரையொருவர் இணக்கவியலாது பிரிந்தனர்; எனினும் அப்பொழுது மதிப்புக் குன்றவில்லை.

1941-இல் இரு பெருங் கட்சிக்கும் இடைநின்று ஒற்றுமை காக்கும் பொருட்டுச் சிறு கட்சிகளின் கூட்டத்தை அமைப்பதில் அவர் பங்கு கொண்டு, ஹாங்காங்கிலிருந்து அதன் செய்தித்தாளை நடத்தினார். அந்நகர் ஜப்பானியர் கைப்பட்டபின் கடல்வழியே தப்பிக் குவெய்லின் சேர்ந்தார். 1946-இல் உள்நாட்டுப் போரைத் தடுக்க முயன்று இயலாது, அரசியலினின்று விலகினார். பின்னர்ச் சிச்சுவான் மாகாணத்தில் அமர்ந்து எழுதிய சீன நாகரிகத்தின் சாரம் என்னும் நூல் 1949-இல் வெளிவந்தது. மேனாட்டார் ஒருகால் தனிமனிதனையும் ஒருகால் கூட்டத்தையும் நடுவாக வைப்பர். சீனரோ உறவினையே நடுவாக வைத்து, ஒவ்வொருவரும் எதிருள்ளாரை முதன்மையாகக் கருதும் கடமையை வகுத்தனர் என்பது அந்நூலின் உயிர்க்கருத்து.

நெஞ்சுரம்

1950-இல் பீக்கிங் திரும்பிய லியாங், புதிய அரசில் பதவி ஏற்க மறுத்து, ஆலோசனை அவையின் உறுப்பினராய் மட்டும் இருந்தார். 1953-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவையொன்றில், நகரத்துத் தொழிலாளர் வாழ்வு உயர உழவர் வாழ்வு தாழ்ந்து கிடத்தலை எடுத்துரைத்தார். அது தலைவர்க்குச் சினமூட்டிற்று. கடுஞ்சொற்களால் தாக்கப்பட்டபொழுது, தம் குற்றத்தைத் தாமே ஆராயும் பெருந்தன்மை தலைவர்க்கும் உண்டோ என அறிய விரும்புவதாக நேர்நின்று கூறினார். அவையோர் கூச்சலிட்டு அவரை மேடையினின்று இறக்கினர். அதன்பின் அவர் பொதுவாழ்வினின்று ஒதுக்கப்பட்டார்; 1955 முதல் அவர் கொள்கையைக் கண்டிக்கும் கட்டுரைகள் நாடெங்கும் எழுதப்பட்டன.

1966-ஆம் ஆண்டு ஆகஸ்டில் செங்காவலர் எனப்பட்ட இளைஞர் கூட்டம் அவர் இல்லத்திற் புகுந்து, மூன்று தலைமுறையாகச் சேர்த்த நூல்களையும் ஓவியங்களையும் எரித்தது. அவர் மனைவியாரும் அடிக்கப்பட்டார். எழுபத்திரண்டு வயதினராகிய லியாங் சிற்றறையொன்றில் அடைந்து கிடந்தார். ஒரு நூலும் கைக்கில்லை. ஆயினும் நினைவொன்றையே துணையாகக் கொண்டு, கன்பூசியர் நெறிக்கும் பௌத்தத்துக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமையை ஆராயும் நூலை எழுதலானார். நூல்களை எரித்தல் கூடும், கற்றதனை எரித்தலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

1974-இல் கன்பூசியரைப் பழித்துரைக்கும் இயக்கத்தை அரசு தொடங்கிற்று. கற்றோரெல்லாம் பழித்துப் பேசுமாறு ஏவப்பட்டனர். பலர் அஞ்சி இசைந்தனர். லியாங் இசைந்திலர். கன்பூசியரை இன்று எங்ஙனம் மதிப்பிடுதல் வேண்டும் என ஆராய்ந்து எழுதிப் பலர் முன் உரைத்தார். திங்கள் பல கூட்டங் கூட்டி அவரையே கண்டித்தனர். இறுதியில், இக்கண்டனங்களைக் கேட்டு யாது கருதுகின்றீர் என வினவியபொழுது, மனவுறுதியின் வெல்லற்கருமை பற்றிக் கன்பூசியர் கூறிய உரையொன்றனையே விடையாகக் கூறி அமைந்தார். அன்று அவர்க்கு வயது எண்பது. கன்பூசியர் நெறியின் மெய்ம்மைக்கு அவர் எழுதிய நூல்களெல்லாம் தரும் சான்றினும், அன்று அவர் தனித்து நின்ற நிலை தந்த சான்று பெரிதென்க.

இறுதி நாட்கள்

1920-ஆம் ஆண்டுகளிலேயே தொடங்கிச் சிந்தித்து வந்த மனித உள்ளமும் மனித வாழ்வும் என்னும் நூலை 1975-இல் முடித்தார். அது 1984-இல் அச்சேறிற்று. உளநூல், உடல்நூல், மேனாட்டுத் தத்துவம் ஆகியவற்றை ஆராய்ந்து, கன்பூசியர் கூறிய அறவுணர்வுக்கு அடிப்படை காணும் நூல் அது. ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் ஒரு வினாவை விடாது பற்றியிருத்தல் எளிதன்று.

அவர்தம் வாழ்க்கை பற்றி அமெரிக்க வரலாற்றறிஞர் கை அலிட்டோ எழுதிய நூல் 1979-இல் வெளிவந்தது. அதன் பெயரால் அவர் இறுதிக் கன்பூசியர் என உலகிற் குறிக்கப்பெற்றார். மறு ஆண்டு ஆகஸ்டில் அவ்வறிஞர் பீக்கிங் போந்து பன்னாள் உரையாடினார். அப்பொழுது முதியவர், தாம் உள்ளத்தாற் பௌத்தரே எனத் தெரிவித்தமை கேட்டு வியந்தோர் பலர். உலகக் கடமையில் கன்பூசியர் வழியும், உயிரின் இறுதி வினாவில் புத்தர் வழியும் தமக்கு முரணாகவில்லை என்பது அவர் கருத்தாகும். அவ்வுரையாடல்கள் 2006-இல் சீனமொழியில் நூலாய் வெளிவந்தபொழுது, 1918-இல் தந்தையார் வினவிய வினாவே அந்நூலுக்குத் தலைப்பாயிற்று.

1988-ஆம் ஆண்டு சூன் 23-ஆம் நாள், தமது தொண்ணூற்று நான்காம் வயதில், லியாங் ஷூமிங் பீக்கிங்கில் மறைந்தார். அவர் தொண்டாற்றிய சௌபிங்கில் அவருக்குக் கல்லறை உள்ளது.

முடிவுரை

லியாங் திறந்த வாயிலிற் பின்னர்ப் பலர் புகுந்தனர். 1958-இல் சாங் சுன்மாய், தாங் சுன்யி, மௌ சுங்சான், ஷு ஃபுகுவான் என்னும் நால்வர் கூடிச் சீன நாகரிகம் பற்றி உலகறிஞர்க்கு ஓர் அறிக்கை விடுத்தனர். மௌ சுங்சான், செருமானியத் தத்துவர் கான்ட்டின் நூல்களைச் சீனமொழியிற் பெயர்த்து, அவர் கொள்கையொடு கன்பூசியர் நெறியை நேர்வைத்து நுணுகி ஆராய்ந்தார். தத்துவ நுட்பத்தில் இவர்கள் லியாங்கினும் மிக்கவர் எனலாம். லியாங்கின் பகுப்பிற் பிழையுண்டு. அவர் ஊர்த்தொண்டு முற்றுப்பெற்றிலது. அவர் தேடிய அரசியல் ஒற்றுமையும் கைகூடிற்றிலது.

ஆயினும் பிற நாட்டுத் தத்துவத்தொடு உரையாடப் புகுவார்க்கு அவர் வாழ்க்கை உணர்த்துவது ஒன்றுண்டு. எதிராளியின் நெறி எவ்வினாவுக்கு விடையென அறியாது அதனை ஏற்றலும் பயனின்று, மறுத்தலும் பயனின்று. அறிந்தபின், கொள்ளத்தக்கதனை நாணாது கொள்ளல் வேண்டும்; தம் பிழையைத் தாமே திருத்தல் வேண்டும்; விடத்தகாததனை உயிர் போகும் எல்லையினும் விடாதிருத்தல் வேண்டும். எல்லாம் நம் நூலுள் முன்னரே உள்ளன எனச் சொல்லி அமைந்திருப்பார்க்கு இம்மூன்றும் வாயா. தம் நெறியைத் தாம் வாழ்ந்து காட்டாதார் அதன் பொருட்டுப் பிறரொடு வாதிடுதற்கும் உரியரல்லர் என்பது இச்சான்றோர் வரலாற்றாற் பெறப்படும் என்க.